மில்ஃபோர்டு பூமா கேஸ்: 1,500 மைல் நடந்து வந்து கார்ல அடிபட்ட ஒரு கடுவன்

2011 ஜூன் 11, சனிக்கிழமை, விடியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம், மில்ஃபோர்டு ஊர் பக்கம் வில்பர் கிராஸ் பார்க்வேல ஒரு ஹூண்டாய் டூசான் போய்ட்டு இருக்கு. லாரிய விடவே மாட்டாங்க அந்த ரோட்டுல, கார் மட்டும்தான், ரெண்டு பக்கமும் மரம். திடீர்னு குறுக்க பெருசா ஒண்ணு பாயுது, பிரேக்குல கால் வைக்கிறதுக்குள்ள டமார். ஓட்டிட்டு வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பக்கம் மான் அடிபடறது தினசரி நடக்கிற கதைதான், ஆனா ரோட்டுல கிடந்தது மான் இல்ல. மண்ணு கலர்ல உடம்பு, உடம்புல பாதிக்கு மேல நீளத்துக்கு ஒரு வால், வால் நுனி கருப்பு, எடை 140 பவுண்டு, அதாவது ஒரு 63 கிலோ. பூமா.

நம்ம பேப்பர்ல இதை "மலைச் சிங்கம்"னு போடுவாங்க, இங்கிலீஷ் பேர அப்படியே திருப்பிப் போட்டது. சிங்கத்துக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, இது கர்ஜிக்கக்கூட செய்யாது, வீட்டுப் பூனை மாதிரி குர்ர்ர்னு சத்தம் போடற ஜாதி. அமெரிக்காவுலயே ஊருக்கு ஒரு பேர் இதுக்கு: கூகர், பூமா, பேந்தர், கேட்டமவுன்ட், மவுன்டன் லயன். நான் பூமான்னே சொல்லிட்டுப் போறேன்.

சரி, ஒரு பூமா கார்ல அடிபட்டதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஆய்வுன்னு கேட்டா, கனெக்டிகட்ல பூமாவே கிடையாது, அதான் விஷயம். 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள அங்க இருந்ததெல்லாம் சுட்டுத் தீர்த்தாச்சு. கிழக்கு அமெரிக்கா முழுக்க இதே கதைதான், கிழக்கத்திப் பூமாவுல கடைசியா உறுதி பண்ண ஒண்ணு 1938ல மெய்ன் மாநிலத்துல செத்துச்சு. இதுல கூத்து என்னன்னா, இந்த விபத்துக்கு சரியா மூணு மாசம் முன்னாடி, 2011 மார்ச்லதான், அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்கு சேவை "கிழக்கத்திப் பூமா அழிஞ்சு போச்சு"ன்னு அதிகாரபூர்வமா சொல்லியிருந்தாங்க. மார்ச்ல இல்லைன்னு சொன்னது ஜூன்ல ரோட்டுல கிடக்கு. ஜனங்க சும்மா இருப்பாங்களா?

"நாங்கதான் அப்பவே சொன்னோமே"

இந்த விபத்துக்கு ஆறு நாள் முன்னாடி கதை ஆரம்பிக்குது. மில்ஃபோர்டுக்கு மேற்கால கரையோரமாவே போனா கிரீன்விச்னு ஒரு ஊர், பெரிய பெரிய பணக்காரங்க இருக்கற இடம், நியூயார்க் சிட்டிக்குப் பக்கம். அங்க ஒரு ஸ்கூல் வளாகத்துல ஜூன் 5ஆம் தேதி வாக்குல பெரிய பூனை ஒண்ணப் பார்த்ததா ஆளுங்க சொன்னாங்க, மங்கலா ஒரு போட்டோ, கால் தடம் எல்லாம் இருந்துச்சு. அதிகாரிங்க வந்தாங்க, பார்த்தாங்க, கவனமா இருங்கன்னு சொன்னாங்க. ஒரு வாரத்துக்குள்ள மில்ஃபோர்டுல ஒண்ணு செத்துக் கிடக்கு.

அப்போ மாநில சுற்றுச்சூழல் துறை முதல்ல சொன்னது என்னன்னா, இது காட்டுப் பூமாவா இருக்க வாய்ப்பு கம்மி, யாரோ திருட்டுத்தனமா வளர்த்தது தப்பிச்சிருக்கும், இல்ல அவங்களே அவுத்து விட்டிருப்பாங்கன்னு. இதைக் கேட்டு நிறைய பேருக்குக் கோவம். வருஷக்கணக்கா பூமா பார்த்தேன் பூமா பார்த்தேன்னு போன் பண்ணவங்களுக்கு "அது நாயா இருக்கும், பாப்கேட்டா (கட்டை வால் காட்டுப் பூனை) இருக்கும்"னு பதில், இப்ப செத்த உடம்பே கைல கிடைச்சும் "அது எவனோ வளர்த்தது"ன்னா எப்படி இருக்கும்.

என் கருத்து, துறை சொன்னது முட்டாள்தனமான ஊகம் இல்ல. அதுக்கு முன்னாடி கிழக்குப் பக்கம் கிடைச்ச பூமாக்கள்ல பல, சோதிச்சுப் பார்த்தா தென் அமெரிக்க வம்சாவளி டிஎன்ஏ காட்டுச்சு, அதாவது கூண்டுல வளர்த்தவங்க கிட்ட இருந்து வந்தது. அமெரிக்காவுல தனியார் ஆளுங்க இந்த மாதிரி மிருகத்தை வாங்கி வளர்க்கறது அப்போ சர்வ சாதாரணம். பக்கத்துல காட்டுப் பூமா இருக்கற இடமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அப்படி இருக்கறப்ப "வளர்ப்பு மிருகம்"னு நினைக்கிறதுதான் நியாயமான முதல் யோசனை. தப்பு எங்கன்னா, டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அதை வெளிய சொன்னது. ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்திருந்தா இவ்ளோ சந்தேகம் கிளம்பியிருக்காது.

உடம்பு சொன்ன விஷயம்

போஸ்ட்மார்ட்டம் பர்லிங்டன்ல செஷன்ஸ் வுட்ஸ்ங்கிற இடத்துல அந்தத் துறையோட வனவிலங்கு மையத்துல நடந்துச்சு. வளர்ப்பு மிருகமா காட்டு மிருகமான்னு கண்டுபிடிக்க என்னென்ன பார்ப்பாங்களோ அதெல்லாம் பார்த்தாங்க. தோலுக்கு அடில மைக்ரோசிப் இருக்கா, இல்ல. பச்சை குத்தின மாதிரி அடையாளம் இருக்கா, இல்ல. நகம் எடுத்திருக்காங்களா (வீட்டுல வளர்க்கறவங்க பெரும்பாலும் எடுத்துடுவாங்க), எடுக்கல. விதை நீக்கியிருக்காங்களா, இல்ல. சின்ன வயசு கடுவன், ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள, ஒல்லியான உடம்பு, ஒட்டுக் கொழுப்பு கிடையாது.

அப்புறம் எனக்கு இந்தக் கேஸ்லயே ரொம்பப் பிடிச்ச தடயம். தோலுக்கு அடில முள்ளம்பன்றி முள்ளு. தட்டுல கறி வச்சு வளர்த்த மிருகத்துக்கு முள்ளம்பன்றியோட மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் எங்க வரப்போகுது, சொந்தமா வேட்டையாடித் தின்னு திரிஞ்ச ஒண்ணுக்குத்தான் அந்த முள்ளு ஏறும். அந்த ஒரு முள்ளு போதும்னு நான் சொல்ல வரல, தப்பிச்சுப் போன வளர்ப்பு மிருகம்கூட சில மாசம் காட்டுல திரிஞ்சா முள்ளு வாங்கலாம். ஆனா மேல சொன்ன எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தா துறை முதல்ல சொன்ன கதை ஆட்டம் காண ஆரம்பிச்சுது.

திசு சாம்பிள் மொன்டானா மாநிலத்துல மிசூலாவுல இருக்கற அமெரிக்க வன சேவையோட மரபணு லேபுக்குப் போச்சு. வட அமெரிக்காவுல பூமா கேஸ்னா பெரும்பாலும் அங்கதான் போகும். ரெண்டு கேள்வி. ஒண்ணு, இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ரெண்டு, இந்த மிருகத்தை இதுக்கு முன்னாடி எங்கயாவது பதிவு பண்ணியிருக்காங்களா. முதல் கேள்விக்குப் பதில்: தெற்கு டகோட்டாவோட பிளாக் ஹில்ஸ் மலைக் கூட்டத்தோட டிஎன்ஏ ஒத்துப் போகுது. அந்தக் கூட்டத்துக்கு நல்ல தரவு இருக்கு, ஏன்னா அங்க ஆராய்ச்சியும் நடக்குது, 2005ல இருந்து வேட்டை சீசனும் இருக்கு, சாம்பிளுக்குப் பஞ்சமே இல்ல.

ரெண்டாவது கேள்விக்கு வந்த பதில்தான் எல்லாரையும் உக்கார வச்சது. இதே மிருகம், இது மாதிரி ஒண்ணு இல்ல, இதே மிருகமேதான், லேபு ஃபைல்ல ஏற்கனவே இருக்கு. மினசோட்டாவுல ஒரு இடம், விஸ்கான்சின்ல மூணு இடம், 2009 டிசம்பர்ல இருந்து 2010 வசந்தகால ஆரம்பம் வரைக்கும் எடுத்த சாம்பிள்ங்க. 2011 ஜூலை 26ஆம் தேதி கனெக்டிகட் துறை இதை வெளியிட்டாங்க. முன்னாடி சொன்னதுக்கு நேர் எதிர்தான், ஆனா மறைக்காம சொன்னாங்க, அந்த வரைக்கும் பாராட்டணும்.

பனியில பொறுக்கினது

இப்ப கொஞ்சம் பின்னாடி போவோம், இங்கதான் கிராமத்துல பூமா பார்க்கற கதை வருது.

2009 டிசம்பர் 5, மினியாபோலிஸ் நகரத்துக்கு வெளிய சாம்ப்லின்னு ஒரு ஊர். ராத்திரி ரோந்து போன போலீஸ் கார்ல டேஷ்கேம் ஓடிட்டு இருக்கு, அதுல ஒரு பூமா சாவகாசமா குறுக்க நடந்து போறது பதிவாயிடுச்சு. போலீஸே வீடியோ வச்சிருக்கறப்ப "நாயா இருக்கும்"னு யாரும் சொல்ல முடியல. அடுத்த சில நாள்ல பக்கத்துலயே டிஎன்ஏ சாம்பிள் கிடைச்சது. அங்க இருந்து கிழக்கால நடந்து, செயின்ட் கிராய் ஆத்தைத் தாண்டி விஸ்கான்சினுக்குள்ள நுழைஞ்சிடுச்சு. அந்த ஆத்தோரம் இருக்கற கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேர வச்சுத்தான் பின்னாடி இதுக்கு "செயின்ட் கிராய் பூமா"ன்னு பேர் வந்துச்சு. எழுதறப்ப கடைசியில எக்ஸ் போடுவாங்க, படிக்கறப்ப கிராய்தான், இதுக்கு ஃபிரெஞ்சுக்காரனைத்தான் கேக்கணும்.

விஸ்கான்சின் கிராமம்னா மாட்டுப் பண்ணை, சோளக்காடு, நடு நடுவுல கொஞ்சம் காடு, எங்க பார்த்தாலும் வெள்ளைவால் மான். குளிர்காலத்துல எல்லாம் பனி. இந்தப் பனி ஒரு வரம். சாதாரண மண்ணுல பூமா நடந்து போனா நமக்கு ஒண்ணும் தெரியாது, பனியில போனா புஸ்தகத்துல எழுதி வச்ச மாதிரி. யாராவது ஒரு விவசாயி தடம் பார்த்துட்டு போன் பண்ணுவார், மாநில இயற்கை வளத் துறைல இருந்து ஆள் வரும், தடத்தை அளப்பாங்க, அப்புறம் தடத்துக்குப் பின்னாடியே கிலோமீட்டர் கணக்கா நடப்பாங்க. எதுக்கு? எங்கயாவது அது படுத்திருந்தா முடி உதிர்ந்திருக்கும், எச்சம் போட்டிருக்கும், ஒண்ணுக்கு அடிச்சிருக்கும், காயம் இருந்தா ரத்தம் சொட்டியிருக்கும். அதைப் பொறுக்கி கவர்ல போட்டு லேபுக்கு அனுப்பறது. எச்சத்துல குடலோட செல்லு கொஞ்சம் ஒட்டிட்டு வரும், முடி வேர்ல டிஎன்ஏ இருக்கும், அது போதும் ஆளை அடையாளம் காண.

இந்த வேலையை யோசிச்சுப் பாருங்க. மைனஸ் டிகிரி குளிர்ல எவனோ ஒரு அரசாங்க ஊழியர் பனியில குனிஞ்சு பூனை எச்சத்தை எடுத்து பேப்பர் கவர்ல போட்டு தேதி எழுதறார். இது எதுக்கு ஆகும்னு அவருக்கே தெரியாது. ஒண்ணரை வருஷம் கழிச்சு 1,000 மைலுக்கு அப்பால ஒரு கார் மோதறப்பதான் அந்தக் கவருக்கு அர்த்தம் வருது. அது இல்லைன்னா மில்ஃபோர்டு பூமா "பிளாக் ஹில்ஸ் ரத்தம், எப்படி வந்துச்சோ"ன்னு நின்னிருக்கும், எவனோ அங்க இருந்து குட்டியா வண்டியில ஏத்திட்டு வந்து வளர்த்திருப்பான்னு வாதம் பண்ண இடம் இருந்திருக்கும். வழி நெடுக சாம்பிள் இருந்ததாலதான் அது தன் கால்லயே நடந்து வந்துச்சுன்னு சொல்ல முடிஞ்சுது.

இதுக்கு முன்னாடியே விஸ்கான்சின்காரங்களுக்கு ஒரு பாடம் கிடைச்சிருந்தது. 2008 ஜனவரில மில்டன் ஊர் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில பூமா ஒண்ணு இருந்துட்டு ஓடுச்சு, ஓடறப்ப கால்ல அடிபட்டு பனியில ரத்தம். அதை எடுத்து வச்சாங்க. ஏப்ரல்ல சிகாகோ நகரத்துக்குள்ளயே, ராஸ்கோ வில்லேஜ்ங்கிற குடியிருப்புல ஒரு பூமாவை போலீஸ் சுட்டாங்க, டிஎன்ஏ பார்த்தா மில்டன் கொட்டகை ரத்தம்தான். அதனால அடுத்து வர்றதுக்கு சாம்பிள் எடுக்கறதுல அவங்க கில்லாடி ஆயிட்டாங்க.

2010 மே மாச வாக்குல வடகிழக்கு விஸ்கான்சின்லயும் அப்புறம் மிச்சிகனோட மேல் தீபகற்பத்துலயும் ட்ரெயில் கேமராவுல (காட்டுல மரத்துல கட்டி வச்சு, மிருகம் போனா தானா போட்டோ எடுக்கற கேமரா) ஒரு பூமா விழுந்துச்சு, இதே ஆளுதான்னு நம்பறாங்க, போட்டோவுல டிஎன்ஏ இல்ல அதனால சத்தியம் பண்ண முடியாது. அதுக்கப்புறம் ஏழு மாசம் சத்தமே இல்ல. பெரிய ஏரிங்களைச் சுத்தி கனடா வழியாப் போயிருக்கும்ங்கிறதுதான் பொதுவான அனுமானம்.

அப்புறம் 2010 டிசம்பர், நியூயார்க் மாநிலம், ஜார்ஜ் ஏரி. வனவிலங்குச் சட்ட அமலாக்கத்துல இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் வீட்டுப் பின்பக்கம், ஜன்னல் வழியா அவர் வீட்டம்மா பார்க்கறாங்க, பூமா. வேற யார் வீடா இருந்தாலும் "ஏதோ பெரிய பூனை"ன்னு கதை அங்கயே முடிஞ்சிருக்கும். இவர் வேலையே அது, பனியில தடத்தைப் பிடிச்சுப் பார்த்து துறைக்குச் சொல்லி, அவங்க வந்து அது படுத்திருந்த இடத்துல முடியை எடுத்துட்டுப் போனாங்க. மில்ஃபோர்டு விபத்துக்கு அப்புறம் அந்த முடியும் ஒத்துப் போச்சு. அங்க இருந்து மில்ஃபோர்டு வர அதுக்கு ஆறு மாசம் ஆகியிருக்கு.

மொத்தக் கணக்கு 1,500 மைலுக்கு மேல, கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி இருந்த ரெக்கார்டும் பிளாக் ஹில்ஸ் பூமாதான், ஓக்லஹோமா வரைக்கும் போய் 2004ல ரயில்ல அடிபட்டது, 1,067 கிலோமீட்டர். ரெக்கார்டை ரெண்டு மடங்குக்கு மேல உடைச்சிருக்கு நம்ம ஆளு. ரெண்டு பேருக்கும் முடிவு ஒண்ணுதான், வண்டில அடிபட்டு.

எதுக்கு இவ்ளோ தூரம்?

சோறு தேடி இல்ல. மான் வழி முழுக்க இருந்துச்சு, அதுக்கா நடந்திருந்தா விஸ்கான்சின்லயே செட்டில் ஆகியிருக்கலாம். இது பொண்ணு தேடி நடந்தது. பூமாவுல ஆண் குட்டி ஒண்ணரை வயசு வாக்குல அம்மாவை விட்டுப் பிரியும், பிறந்த இடத்துலயே இருந்தா பெரிய கடுவன் அடிச்சுக் கொன்னுடும், அதனால கிளம்பியே ஆகணும். நல்ல வேட்டை நிலம், கூடவே பொட்டை, ரெண்டும் இருக்கற இடத்துல நிக்கும். பொட்டை வாசம் இல்லைன்னா மேல நடக்கும். பெண் குட்டிங்க அப்படி இல்ல, அம்மா இடத்துக்குப் பக்கத்துலயே பாதிக்கு மேல தங்கிடும், போனாலும் தூரமா போகாது. அதனால கிழக்கால நடக்கற கடுவனுக்கு ஒவ்வொரு மைலுக்கும் பொட்டை கிடைக்கற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகுது, கிடைக்காததால மேலும் நடக்குது. இது நடந்து நடந்து மில்ஃபோர்டு வந்துச்சு, அதுக்குத் தெக்க கடல்தான்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா "பூமா பார்த்தேன்" சண்டைல பாதி தீந்துடும். இந்தச் சண்டை அமெரிக்கக் கிராமங்கள்ல எவ்ளோ சூடா நடக்கும்னு நமக்குத் தெரியாது. டீக்கடை மாதிரி அங்க டைனர்ல, பெட்ரோல் பங்க்ல, மான் வேட்டை கேம்ப்ல இதே பேச்சு. அரசாங்கமே ராத்திரியோட ராத்திரியா பூமாவைக் கொண்டு வந்து விடறாங்க, மான் கூட்டத்தைக் குறைக்க, இன்சூரன்ஸ் கம்பெனிங்க சொல்லித்தான் விடறாங்க (மான் மோதி கார் சேதமாகற செலவு மிச்சமாம்), அதனாலதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்கன்னு ஒரு வதந்தி மாநிலத்துக்கு மாநிலம் சுத்துது. மில்ஃபோர்டு கேஸ் வந்ததும் இந்த அணி "பாத்தியா"ன்னு குதிச்சாங்க.

ஆனா இந்தக் கேஸை நிதானமா படிச்சா அதிகாரிங்க அடிப்படையில சொன்னது அப்படியே நிக்குது. அவங்க சொன்னது "இங்க குடும்பமா வாழற பூமா கூட்டம் இல்ல"ன்னு. ஊர்க்காரங்க காதுல விழுந்தது "நீ எதையும் பார்க்கல"ன்னு. ரெண்டும் வேற வேற. சில அதிகாரிங்க அந்த ரெண்டாவதையும் சேர்த்தே பேசினாங்க, அதுலதான் வினை. மில்ஃபோர்டு பூமா ஒத்தை ஆளு, வழிப்போக்கன். அது நடந்து வந்த வழில அஞ்சு மாநிலத்துல தடயம் விட்டுட்டு வந்திருக்கு. ஒத்தை மிருகமே இவ்ளோ தடயம் விடுதுன்னா, வருஷக்கணக்கா ஒரு கூட்டமே கனெக்டிகட்ல ஒளிஞ்சு வாழுதுன்னு சொல்றது எப்படி நிக்கும்?

ஃப்ளோரிடாவைப் பாருங்க. மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்கால பல காலமா குட்டி போட்டு வாழற ஒரே பூமா கூட்டம் அங்கதான், அங்க பேந்தர்னு சொல்வாங்க. பெருசுங்க எண்ணிக்கை 120ல இருந்து 230க்குள்ளன்னு கணக்கு. அந்தச் சின்னக் கூட்டத்துல வருஷத்துக்கு 20, 30ன்னு வண்டில அடிபட்டுச் சாகுது. கனெக்டிகட் மாதிரி ரோடு நெருக்கமா இருக்கற இடத்துல கூட்டம் இருந்தா, இத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணா அடிபடும்? வேட்டைக்காரங்க மரத்துக்கு மரம் ட்ரெயில் கேமரா கட்டி வச்சிருக்கற காலம் இது, அதுலயும் விழல. எனக்கு இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இதுவரைக்கும் ஒழுங்கா கிடைக்கல.

இன்னொரு விஷயமும் குழப்புது. "அழிஞ்சு போச்சு"ன்னு சொன்னது கிழக்கத்திப் பூமாங்கிற கிளையினம்னு எண்ணப்பட்ட ஒண்ணை. மில்ஃபோர்டுல செத்தது மேற்கத்தி. அதனால காகிதத்துல பார்த்தா முரண்பாடு இல்ல, 2018ல அந்தப் பேரை அழிஞ்சு வர்ற இனங்களோட பட்டியல்ல இருந்து ஒரேயடியா எடுத்தும் விட்டாங்க. ஆனா 2000ல வந்த மரபணு ஆய்வு வட அமெரிக்கப் பூமா எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணுதான், கிழக்கு மேற்குன்னு பிரிக்க பெருசா ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுச்சு. சட்டத்துக்கு ஒரு கணக்கு, ரத்தத்துக்கு ஒரு கணக்கு.

பார்த்தவங்க என்னதான் பார்க்கறாங்க

பொய் சொல்றவங்க கம்மிதான்னு நான் நம்பறேன். தப்பாப் பார்க்கறவங்கதான் ஜாஸ்தி. சாயங்காலம், மங்கல் வெளிச்சம், வயலுக்கு அந்தப் பக்கம் ஏதோ மண் கலர்ல போகுது, பக்கத்துல அளவுக்கு ஒப்பிட ஒண்ணும் இல்ல, மூளை பெருசாக் காட்டிடும். வெறும் வீட்டுப் பூனை போட்டோ பூமான்னு நூத்துக்கணக்குல வருது. மஞ்சள் லேப்ரடார் நாய், சொறி பிடிச்ச கயோட்டி (ஓநாய்க்குச் சொந்தக்கார சின்னக் காட்டு நாய்), பாப்கேட், மான்கூட. அதனால போட்டோ வந்தா ஆபீஸர் என்ன பண்ணுவார்னா, அதே இடத்துக்குப் போய், அதே கோணத்துல, ஒரு அளவுகோல் இல்ல அட்டையில வெட்டின பூமா உருவத்தை நிக்க வச்சு திரும்ப போட்டோ எடுப்பார். ரெண்டையும் பக்கத்துல வச்சா "பூமா" முழங்கால் உயரத்துக்குக்கூட வராது.

பாப்கேட்டுக்கு வால் கட்டை, பூமாவுக்கு வால் கிட்டத்தட்ட தரையைத் தொடற நீளம், அதனால வாலைப் பார்த்தீங்களான்னுதான் முதல் கேள்வியே. தடம்னா நகக்குறி இருந்தா அது பெரும்பாலும் நாய், பூனை ஜாதி நடக்கறப்ப நகத்தை உள்ள இழுத்துக்கும். உள்ளங்கால் மெத்தையோட பின்பக்கம் மூணு மடிப்பா இருக்கும் பூமாவுக்கு. தடத்துப் பக்கத்துல ஒரு ஸ்கேலோ நாணயமோ வைக்காம எடுத்த போட்டோ பாதி வீண். அப்புறம் "கருப்பு பூமா" பார்த்தேன்னு சொல்றவங்க ஏராளம். கருப்பு பூமான்னு ஒண்ணு இதுவரைக்கும் காட்டுலயும் சரி கூண்டுலயும் சரி உறுதி ஆனதே இல்ல, கருஞ்சிறுத்தை ஆசிய ஆப்பிரிக்க சிறுத்தைலயும் தென் அமெரிக்க ஜாகுவார்லயும்தான். அதனால கருப்புன்னு சொன்னாலே அந்த ஃபைலை மூடிடுவாங்க, அது கொஞ்சம் கொடுமைதான், ஆனா வேற வழியும் இல்ல.

மில்ஃபோர்டு பூமா செத்ததுக்கு அப்புறம் கனெக்டிகட்ல போன் நிக்கல. கிரீன்விச்ல ரெண்டாவது ஒண்ணு இருக்குன்னு பேச்சு ஓடுச்சு. ஒரு மிருகத்தைப் பத்தி டிவில காட்டினா எல்லார் தோட்டத்துலயும் அது வந்துடும், இது எந்த ஊருக்கும் பொது. எனக்குத் தெரிஞ்சு அதுக்கப்புறம் அந்த மாநிலத்துல உறுதி ஆனது ஒண்ணும் இல்ல.

மிச்சிகன் மேல் தீபகற்பத்துல கதை வேற மாதிரி போச்சு. அங்க 2008ல இருந்து இயற்கை வளத் துறை உறுதி பண்ண பூமா பதிவுங்க வருஷத்துக்கு வருஷம் சேர்ந்துக்கிட்டே போச்சு, ஆனா எல்லாம் மேற்குல இருந்து வந்த வழிப்போக்கனுங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. 2025 மார்ச்ல ஆன்டனகன் கவுன்ட்டில ஒரு தனியார் நிலத்துல ஊர்க்காரர் ஒருத்தர் ரெண்டு குட்டியைப் போட்டோ எடுத்தார். ஏழுல இருந்து ஒம்பது வாரக் குட்டிங்க, உடம்புல புள்ளி இன்னும் போகல. துறையே போய்ப் பார்த்து உறுதி பண்ணுச்சு. கிரேட் லேக்ஸ் மேற்குப் பகுதில, மிசிசிப்பிக்குக் கிழக்கால, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு பூமா குட்டி போட்டதா உறுதி ஆகி. 2010 மே மாசம் நம்ம கடுவன் கேமராவுல விழுந்துட்டு யாரும் இல்லைன்னு தாண்டிப் போன அதே மேல் தீபகற்பம், பொட்டை வந்து சேர பதினஞ்சு வருஷம் ஆகியிருக்கு.